காட்டு ஓடை நலமாக இருக்கிறதா? தொடக்க நிலையினருக்கான ஒரு விளக்கம்

தை மாதத்தில் திருகோணமலையிலிருந்து கந்தளாய் வழியாக ஹபரணைக்குப் பயணிப்பவர்கள், காட்டுக்குள்ளிருந்து வந்து வீதிக்கு அடியிலுள்ள மதகுகளுக்குள் நுழைந்து மறுபுறம் மறைந்துவிடும் சிறு ஓடைகளைக் கண்டிருப்பார்கள். மழை ஓய்ந்து சில நாட்கள் சென்ற பின்னரும் அவற்றின் நீர் கண்ணாடி போல் இருப்பதில்லை. ஊறிய இலைகளின் சாயம் இறங்கி, பால் கலக்காத தேநீரின் நிறத்தில் ஓடும். அடியில் கறுத்த இலைக்குவியல், குறுக்கே விழுந்துகிடக்கும் ஒரு மரம், அதில் சிக்கிய சுள்ளிகள். பார்ப்பவர் இதை அழுக்குத் தண்ணீர் என்பார். அவரே ஊருக்குள் கொங்கிறீட் வாய்க்காலில் தெளிந்தோடும் நீரைக் கண்டால் சுத்தமான தண்ணீர் என்பார். ஓடையின் நலத்தை ஆராய்கிறவர் இவ்விரு தீர்ப்புகளையும் பெரும்பாலும் மாற்றியே எழுதுவார். அவர் எதைப் பார்த்து அப்படி எழுதுகிறார் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடிப்பதற்கு உகந்த நீர் என்பதும் நலமான ஓடை என்பதும் வெவ்வேறு விடயங்கள். யானையும் மானும் இறங்கிப் போன காட்டு ஓடையின் நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. ஆனால் அந்த ஓடை முழு நலத்துடன் இருக்கலாம். மறுபுறம், குளோரின் இட்ட குழாய் நீரில் ஓடையின் உயிர்கள் பலவும் நெடுநேரம் தாக்குப்பிடிக்க மாட்டா. ஓர் ஓடையின் சூழலியல் நலம் என்று நாம் சொல்வது, அந்த இடத்தில் அந்த வகை ஓடை செய்ய வேண்டிய வேலைகளை அது செய்துகொண்டிருக்கிறதா, அங்கு வாழ வேண்டிய உயிர்கள் வாழ்கின்றனவா, வெள்ளமோ வரட்சியோ வந்து போன பின் அது தன் பழைய நிலைக்கு மீள்கிறதா என்னும் மூன்றையும் சேர்த்துத்தான்.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்க்கலாம். திறந்த வெளியில் கிடக்கும் குளத்தில் வெயில் விழுகிறது, அல்காக்கள் வளர்கின்றன, அவற்றைத் தின்று மற்றவை வாழ்கின்றன. மருது, நாவல், புங்கை போன்ற மரங்கள் இருகரையிலிருந்தும் கிளை கோத்து மூடிய சிற்றோடையில் வெயில் விழுவது குறைவு. அல்கா வளர்வதும் குறைவு. அங்கு உணவு மேலிருந்து உதிர்கிறது. விழுந்த இலையில் ஓரிரு நாட்களிலேயே பூஞ்சணங்களும் பற்றீரியாக்களும் படர்ந்து அதை மெதுவாக்குகின்றன. பூஞ்சணம் படர்ந்த இலை, வெறும் இலையைவிடச் சத்துள்ளது. காய்ந்த ரொட்டியில் சம்பல் பூசியது போல. அதை நண்டு, இறால், நத்தை, சில பூச்சிகளின் குடம்பிகள் (புழுப் பருவங்கள்) ஆகியன கடித்துத் துண்டாக்குகின்றன. துண்டுகளும் எச்சங்களும் நீரோடு மிதந்து போகும்போது, கீழே வலை கட்டிக் காத்திருக்கும் வேறு குடம்பிகள் அவற்றைப் பிடித்துத் தின்கின்றன. இவை எல்லாவற்றையும் தும்பியின் இளம் பருவமும் மீனும் வேட்டையாடுகின்றன. காட்டு ஓடையின் வீட்டுக் கணக்கே இந்த இலையில்தான் தொடங்குகிறது. 1980 இல் அமெரிக்க ஆய்வாளர் வன்னோட்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ‘ஆற்றுத் தொடர்ச்சிக் கோட்பாடு’, மலைச் சிற்றோடை முதல் பேராறு வரை இந்த உணவுக் கணக்கு எப்படிப் படிப்படியாக மாறுகிறது என்பதை ஒரே சட்டகத்தில் எடுத்துக்காட்டியது. அது குளிர்நாட்டு ஓடைகளைக் கொண்டு எழுந்த கோட்பாடு என்பதையும் மறந்துவிடக் கூடாது. வெப்பநாட்டு ஓடைகள் பலவற்றில் இலை கடிக்கும் பூச்சிகள் குறைவாகவும், அந்த வேலையில் நுண்ணுயிர்கள், நண்டுகள், இறால்கள் ஆகியவற்றின் பங்கு கூடுதலாகவும் இருக்கிறது.

ஆகவே முன்னே சொன்ன தேநீர் நிறமும் இலைக்குவியலும் ஓடையின் சாப்பாட்டு மேசை. அவற்றை வாரி அகற்றி ‘துப்புரவு’ செய்பவர், நல்லெண்ணத்தோடு செய்தாலும், ஓடையைப் பட்டினி போடுகிறார். பிளாஸ்ரிக்கையும் சொப்பிங் பைகளையும் எடுத்துவிட்டு, இலையையும் கட்டையையும் விட்டுவிடுவதே முறை.

அடுத்தது ஒப்பீடு. காய்ச்சலை நாம் அறிவது, உடம்பின் வழமையான சூடு எவ்வளவு என்று தெரிந்திருப்பதால்தான். ஓடைக்கும் அப்படியோர் அளவுகோல் தேவை. அதே பகுதியில், அதே வகை நிலத்தில், மனிதத் தலையீடு மிகக் குறைவாக உள்ள ஓடை ஒன்றைத் தேர்ந்து அதை ‘ஒப்பீட்டு ஓடை’ என்பார்கள். புத்தகத்தில் உள்ள ஐரோப்பிய ஓடையை நம் ஓடைக்கு அளவுகோலாக்கினால் முடிவு பிழைத்துவிடும். திருகோணமலை இலங்கையின் உலர் வலயத்தில் இருக்கிறது; மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும்; பின்னர் கச்சான் என்னும் தென்மேல் காற்று வீசும் மாதங்களில் சிற்றோடைகள் பலவும் ஓட்டம் நின்று, ஆங்காங்கே மடுக்களாகச் சுருங்கி, சில முற்றாகக் காய்ந்தும் போகும். இதை நோய் என்று எழுதக் கூடாது. இங்குள்ள உயிர்கள் இதற்குப் பழகியவை: சில ஈரமணலுக்குள் புதைந்துகொள்கின்றன, சில முட்டையாகக் காத்திருக்கின்றன, சிறகு முளைத்தவை பறந்துவிடுகின்றன, மீன்கள் மடுவில் ஒதுங்குகின்றன. ஆனால் மழைக்காலத்திலும் ஓடாத ஓடையோ, முன்பு ஆடிவரை நீர் நின்ற மடு பங்குனியிலேயே வற்றுவதோ விசாரிக்க வேண்டியவை. மேலே எங்கோ நீர் மறிக்கப்பட்டிருக்கலாம், அல்லது மணல் அள்ளியதால் ஓடைப்படுகை தாழ்ந்து நிலத்தடி நீரும் கீழே போயிருக்கலாம்.

ஒப்பீடு இல்லாத அளவை எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியாவில் 7 கிணறுகளிலும் வெந்நீர் ஊறுகிறது. கிணற்றுக்குக் கிணறு சூடும் வேறுபடுகிறது. இப்படிப்பட்ட ஊற்று கலக்கும் நீரில் வெப்பமானியை வைத்துவிட்டு, யாரோ ஆலைக் கழிவை விடுகிறார்கள் என்று முடிவு கட்ட முடியுமா?

இனி ஓடைக்குள் இறங்கலாம். ஏறத்தாழ 100 மீற்றர் நீளமான ஒரு துண்டைத் தேர்ந்து, கீழிருந்து மேல்நோக்கி நடக்க வேண்டும். மேலிருந்து இறங்கினால் நம் காலே நீரைக் கலக்கி, நாம் பார்க்கப் போகும் இடத்தைக் கெடுத்துவிடும். இந்த நடையில் பார்ப்பது நீரையல்ல, வீட்டை. கரை மரங்களின் வேர் மண்ணைப் பிடித்திருக்கிறதா, அல்லது கரை செங்குத்தாக அறுந்து நிற்கிறதா? கிளைகள் ஓடைக்கு மேல் எவ்வளவு தூரம் மூடியிருக்கின்றன? ஆழமான மடு, ஆழமில்லாத சலசலப்பு, கட்டை, வேர்ப்பந்து, இலைக்குவியல் என்று தங்குமிடங்கள் பலவகையாக இருக்கின்றனவா, அல்லது ஒரே மணல் விரிப்பா? மருத மரம் இதில் தனிக் கவனத்துக்குரியது. நீரோரத்திலேயே நின்று, நீருக்குள்ளேயே வேர்களை நீட்டும் அம்மரத்தின் சிறு வேர்க் கற்றைகள், கற்கள் குறைந்த நம் தாழ்நில ஓடைகளில் பூச்சிகளுக்கும் குஞ்சு மீன்களுக்கும் கிடைக்கும் மிகச் சிறந்த வீடு. ஒரு பழைய மருது சாய்க்கப்பட்டால் நிழல், கரை, இலை, வீடு ஆகிய நான்கும் ஒரே நாளில் போகும்.

கல் உள்ள இடத்தில் ஒரு சிறிய சோதனை செய்யலாம். உள்ளங்கையளவு கல் ஒன்றைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். அது இலகுவாக வந்து, அடியில் இடைவெளியும் பரல்களும் தெரிந்தால் நல்லது. பல்லைப் பிடுங்குவது போல் இழுத்தெடுக்க வேண்டியிருந்து, எடுத்த குழியிலிருந்து சாம்பல் நிறச் சேறு புகையாகக் கிளம்பினால், மேலே எங்கோ நிலம் வெட்டப்பட்டு மண் அடித்து வரப்படுகிறது. கல்லுக்கு அடியிலுள்ள இடைவெளியே பூச்சிகளின் குடியிருப்பு. அது சேற்றால் அடைபட்டால், நீர் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் குடியிருக்க ஆளில்லை. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1999 இல் வெளியிட்ட விரைவு மதிப்பீட்டுக் கையேட்டில் இத்தகைய 10 அம்சங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி வீதம், மொத்தம் 200 புள்ளிக்கு வாழிடம் மதிப்பிடப்படுகிறது. புள்ளி போடுவதைவிட, ஏன் அந்தப் புள்ளி என்று ஒரு வரி எழுதி வைப்பதுதான் பின்னர் பயன்படும் என்பது என் எண்ணம்.

ஓட்டத்தை அளக்க ஒரு தேசிக்காய் போதும். நேரான 10 மீற்றர் துண்டில் அதை மிதக்கவிட்டு நேரம் பார்க்க வேண்டும். 25 செக்கனில் கடந்தால் மேற்பரப்பு வேகம் செக்கனுக்கு 0.4 மீற்றர்; அடிநீர் மெதுவாகவே நகர்வதால் அதை 0.85 ஆல் பெருக்க 0.34 வரும். ஓடை 2 மீற்றர் அகலமும் சராசரியாக 0.25 மீற்றர் ஆழமுமானால் குறுக்குப் பரப்பு 0.5 சதுர மீற்றர். எனவே செக்கனுக்கு 0.17 கன மீற்றர், அதாவது 170 லீற்றர் நீர் ஓடுகிறது.

நீரின் தன்மைகளில் தொடக்க நிலையினர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது கரைந்த ஒட்சிசன். நீர் சூடாகச் சூடாக அது பிடித்து வைக்கக்கூடிய ஒட்சிசன் குறையும்: 20 பாகை செல்சியசில் லீற்றருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம், 25 பாகையில் 8.3, 30 பாகையில் 7.6. ஆகவே நம் வெயிலில் நிழல் என்பது அழகுக்கான விடயம் அன்று. நிழல் போனால் நீர் சூடாகும், சூடானால் மூச்சு குறையும். இங்கு ஒரு பொறியும் உண்டு. மரம் வெட்டி வெயில் விழும் துண்டொன்றில், பிற்பகல் 2 மணிக்கு 30 பாகை நீரில் கருவி 9 மில்லிகிராம் காட்டினால் மகிழ்ச்சி அடையக் கூடாது. நீர் பிடிக்கக்கூடிய அளவையும் மீறி ஒட்சிசன் இருக்கிறதென்றால், பெருகிய அல்கா பகல் முழுவதும் அதை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. இரவில் அதே அல்கா அதைத் திரும்ப உறிஞ்சிவிடும். விடிவதற்குச் சற்று முன் அளந்தால்தான் மீன்கள் எந்தப் பாட்டில் இரவைக் கழித்தன என்பது தெரியும். இயன்றால் ஒரு தடவையாவது விடிகாலையில் அளக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஏனையவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பீஎச் பெறுமானம் நீர் அமிலமா காரமா என்பதைக் காட்டும். மின்கடத்துதிறன் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும். கடலோரத்தில் உவர் ஏறும் இடங்களில் அது இயல்பாகவே உயரும். நைத்திரேற்று, பொசுபேற்று என்பன பெரும்போகத்தில் வயல்களிலிருந்து வடியும் பசளையின் அடையாளங்கள். இவற்றில் தனி எண்ணைவிட மாற்றமே முக்கியம். வீதிக்கு மேலே ஒரு பெறுமானமும், 50 மீற்றர் கீழே அதைவிடப் பெரிதும் கூடிய பெறுமானமும் வந்தால், இடையில் ஏதோ கலக்கிறது.

ஆயினும் கருவி சொல்வது அந்த நிமிடத்தின் செய்தி மட்டுமே. நேற்று இரவு யாரோ பூச்சிநாசினித் தெளிகருவியை ஓடையில் கழுவியிருந்தால், இன்று காலை நீர் அதை எப்போதோ கடலுக்குக் கொண்டுபோயிருக்கும். ஓடையின் அடியில் பல வாரங்கள், சில வேளை மாதக்கணக்கில், ஒரே இடத்தில் வாழும் சிறு முள்ளந்தண்டிலிகள் அப்படிப் போய்விடுவதில்லை. நேற்றைய நஞ்சும் போன மாத வெக்கையும் அவற்றின் இருப்பிலும் இன்மையிலும் பதிந்திருக்கும். உயிர்களைக் கொண்டு நீரின் நிலையை அறியும் எண்ணத்தை முறைப்படுத்தியவர்களுள் ஜெர்மனியின் கொல்க்விற்சும் மார்சனும் முன்னோடிகள். அவர்கள் 1908, 1909 ஆம் ஆண்டுகளில் தாவரங்களையும் விலங்குகளையும் கழிவைத் தாங்கும் திறனுக்கேற்ப வகைப்படுத்தினார்கள்.

இதற்குத் தேவையான கருவிகள் வீட்டிலேயே உண்டு. அரை மில்லிமீற்றர் கண்ணுள்ள வலை சிறந்தது. இல்லையெனில் மா அரிக்கும் அரிதட்டு, ஒரு வெள்ளைப் பேசின், பழைய பல் துலக்கும் தூரிகை, கைவில்லை ஆகியன போதும். வலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதற்கு முன்னால் அடிக்கல்லையும் மணலையும் காலால் கிளற வேண்டும். வேர்க் கற்றையை வலைக்குள் வைத்து உலுக்க வேண்டும். ஓர் இலைக்குவியலை அப்படியே அள்ள வேண்டும். பிறகு பேசினில் ஓடை நீர் விட்டு, எல்லாவற்றையும் கொட்டி, இரண்டு நிமிடம் அசையாமல் பார்த்திருக்க வேண்டும். முதலில் வெறும் குப்பையாகவே தெரியும். பின்னர் ஒரு சுள்ளித் துண்டு தானாக நடக்கும். அது சுள்ளியல்ல, மணற்பரலையும் இலைத் துணுக்கையும் பட்டு நூலால் ஒட்டிக் குழாய் செய்து, தலையையும் ஆறு கால்களையும் மட்டும் வெளியே நீட்டி இழுத்துச் செல்லும் கடிஸ்ஃபிளைக் குடம்பி. பேசினின் ஓரத்தில் வால் நுனியில் மூன்று இழைகளும் வயிற்றின் இருபுறமும் துடிக்கும் செவுள்களும் கொண்டு நீந்துவது மேஃபிளையின் இளம் பருவம். தட்டையாக, மணல் நிறத்தில், அசையாமல் கிடந்து திடீரென்று பாய்வது தும்பியின் இளம் பருவம். சேற்றிலிருந்து நெளிந்து வரும் சிவப்புப் புழு, நுளம்பைப் போன்ற, ஆனால் கடிக்காத ஓர் ஈயின் குடம்பி. அதன் உடலிலும் ஈமோகுளோபின் இருப்பதால் ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் வாழ்கிறது.

முதன்முறை இதைச் செய்தபோது, பேசினைக் கரையில் வெயிலில் வைத்துவிட்டுக் குறிப்பெழுத உட்கார்ந்துவிட்டேன். அரை மணி கழித்துத் திரும்பிப் பார்த்தபோது மேஃபிளைகள் எல்லாம் செத்து மிதந்தன; சிவப்புப் புழுக்கள் மட்டும் ஒன்றும் நடக்காதது போல் நெளிந்துகொண்டிருந்தன. வெட்கப்பட வேண்டிய கவனயீனம்தான்; ஆனால் உணர்திறன் என்ற சொல்லுக்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை. அன்றிலிருந்து பேசின் மர நிழலில்தான். பார்த்து முடிந்ததும் உயிர்கள் எடுத்த இடத்திலேயே விடப்படும்.

இந்த உணர்திறன் வேறுபாட்டையே எண்ணாக்குகின்றன உயிரியல் சுட்டிகள். பிரித்தானியாவில் 1970களின் பிற்பகுதியில் உருவான பி.எம்.டபிள்யூ.பி. (உயிரியல் கண்காணிப்புச் செயற்குழு) முறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும், அதாவது நெருங்கிய உறவுள்ள விலங்கினங்களின் தொகுதிக்கும், 1 முதல் 10 வரை புள்ளி உண்டு. எத்தனை விலங்குகள் என்பது கணக்கில்லை, எந்தக் குடும்பங்கள் என்பதே கணக்கு. எடுத்துக்காட்டாக, ஒரு பேசினில் செவுள் கிளைத்த லெப்ரோஃபிளெபிட் வகை மேஃபிளை (10), குழாய் கட்டும் லெப்ரோசெரிட் வகைக் கடிஸ்ஃபிளை (10), மணலில் புதையும் கொம்ஃபிட் வகைத் தும்பி (8), வலை கட்டும் கடிஸ்ஃபிளை (5), நீர்மேல் ஓடும் பூச்சி (5), பீற்றிட் வகை மேஃபிளை (4), சிவப்புப் புழு (2) ஆகிய 7 குடும்பங்கள் இருந்தால் மொத்தம் 44, சராசரி 6.3. வேறொரு பேசினில் நீர்மேல் ஓடும் பூச்சி (5), பீற்றிட் மேஃபிளை (4), அட்டை (3), தட்டை நத்தை (3), சிவப்புப் புழு (2), மண்புழு இனம் (1) ஆகிய 6 மட்டும் என்றால் மொத்தம் 18, சராசரி 3. வழமையாகச் சராசரி 6 ஐத் தாண்டினால் நல்ல நீர் என்றும், 4 க்குக் கீழே போனால் கடுமையாகக் கெட்ட நீர் என்றும் கொள்வர்.

ஆனால் அந்தப் புள்ளிகள் பிரித்தானிய ஆறுகளுக்கு இடப்பட்டவை. தாய்லாந்தும் இந்தியாவும் தத்தம் விலங்குகளுக்கேற்ப அவற்றைத் திருத்திக்கொண்டன. குளிர்ந்த, வேகமான நீரை விரும்பும் ஸ்டோன்ஃபிளை என்னும் பூச்சிக்கு அம்முறை உயர்ந்த புள்ளி தருகிறது. கடல் மட்டத்தை ஒட்டிய, வெதுவெதுப்பான நம் ஓடையில் அது இல்லாததற்காக ஓடையைத் தண்டிப்பது நியாயமில்லை. அதனால்தான் சராசரி எண்ணைத் தனியே தூக்கிப் பிடிக்காமல், நம் ஒப்பீட்டு ஓடையின் சராசரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். மீன்களையும் குறித்துக்கொள்ளலாம். எனினும் 1950களின் தொடக்கத்தில் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா நிறைந்திருப்பதை நலத்தின் சான்றாகக் கொள்ள முடியாது. அது வெக்கையையும் ஒட்சிசன் குறைவையும் நன்றாகவே தாங்கும்.

மழையின் முதல் வெள்ளம் அடியைப் புரட்டிப் போட்ட மறுநாள் இறங்கினால் எந்தப் பேசினும் வெறுமையாகவே இருக்கும். வெள்ளம் தணிந்து சில வாரங்கள் விட்டு, தை கடைசியிலிருந்து பங்குனிக்குள் பார்ப்பதே இப்பக்கத்துக்குப் பொருந்தும். மடுக்களில் முதலை இருக்கக்கூடும், காலையிலும் மாலையிலும் யானை நீருக்கு வரும், காலில் புண் உள்ளவருக்கு எலிக்காய்ச்சல் தொற்றும். தனியே போகாமல், நீள்சப்பாத்து அணிந்து, அப்பகுதியை அறிந்த ஒருவரோடு போக வேண்டும். ஒதுக்குக் காட்டிலோ சரணாலயத்திலோ உயிர்களைப் பிடித்துப் பார்ப்பதற்கு உரிய திணைக்களத்தின் அனுமதி தேவை.

வீடு, நீர், உயிர் ஆகிய மூன்று குறிப்புகளும் கையில் வந்த பின், அவை ஒன்றோடொன்று முரண்படும் இடத்திலேயே ஆய்வு சுவையாகிறது. கரையும் நிழலும் செம்மையாக இருந்து, அன்றைய நீரும் நன்றாக இருந்து, உணர்திறன் கூடிய பூச்சிகள் மட்டும் இல்லையென்றால், அவ்வப்போது வந்துபோகும் நஞ்சையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மேலே வயலோ தோட்டமோ உண்டா என்று தேட வேண்டும். கல்லெல்லாம் சேற்றில் புதைந்து, வேர்க் கற்றையில் மட்டும் பூச்சிகள் இருந்தால், பழுது நீரில் இல்லை, மண் அரிப்பில் இருக்கிறது. நத்தையும் பச்சைப் பாசியும் பெருகி, இலை தின்பவை குறைந்திருந்தால், அண்ணாந்து பார்க்க வேண்டும். அங்கு வானம் கூடுதலாகத் தெரியும்.

இவை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் திகதி, நேரம், கடைசி மழை பெய்து எத்தனை நாள், எந்த மரத்தடி என்பவற்றோடு எழுதி, அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே மரத்தடியில், அதே அரிதட்டோடு இறங்கினால் கிடைக்கும் இரண்டாவது பட்டியலே முதலாவதைப் படிக்கக் கற்றுத்தரும்.